புதனும் வெள்ளியும் பி.டி. பீரியட்

1

வெளிநாட்டில் இருக்கிறவள் எழுத உட்கார்ந்தால் பனியைப் பற்றித்தான் எழுதுவாள் என்று ஊரில் ஒரு நினைப்பு. ஜெர்மனிக்கு வந்து இந்த நவம்பரோடு எனக்குப் பதினோரு வருடம் ஆகிறது. என்னோடு நர்ஸிங் படித்த தோழிகள் இன்னமும் வாட்ஸாப்பில் கேட்கிறார்கள், "பனி உழுதாடி, போட்டோ போடு" என்று. விழுகிறது. போட்டோவில் அழகாக இருக்கும், காலுக்கு வழுக்கும். பனியைப் பற்றி என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

நான் எழுத வந்தது பி.டி. பீரியடைப் பற்றி. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள். நானும் சிரித்தவள்தான், அதையும் மறைக்காமல் எழுதப்போகிறேன்.

இங்கே ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. கணவருக்கு ஒரு கிடங்கில் வேலை. ரூத் எங்கள் ஒரே மகள், இப்போது நான்காம் வகுப்பு. ஊரில் என் தம்பி சாலமன் இருக்கிறான். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் வீடு, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவன் மனைவி கலா. அவர்களுடைய மகள் ஜெனிக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. எனக்கு இப்போது தூக்கம் கெடுவது அந்த ஜெனியை நினைத்துத்தான்.

2

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ரூத்துக்கு ஜெர்மன் சொல்வதெழுதுதல் வரவில்லை. நோட்டைத் திறந்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு மை. டைம் டேபிளை எடுத்துப் பார்த்தேன். வாரத்தில் மூன்று மணி நேரம் விளையாட்டு வகுப்பு என்று போட்டிருந்தது. மூன்று மணி நேரம்! உடனே ஒரு தாள் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பள்ளிக்குக் கடிதம் எழுதினேன். விளையாட்டு நேரத்தில் என் மகள் வகுப்பிலேயே உட்கார்ந்து சொல்வதெழுதுதல் பழகட்டும், எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்று. அவர்கள் என்னவோ என்னிடம் அனுமதி கேட்டுக் காத்திருந்த மாதிரி.

நம் ஊரில் இப்படிக் கடிதம் எழுதினால் நல்ல அம்மா என்று பெயர் கிடைக்கும். இங்கே பள்ளி அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"குழந்தைக்கு என்ன நோய்?"

"நோய் ஒன்றும் இல்லை."

"பிறகு எதற்கு விலக்கு?"

"படிப்பதற்கு."

 அந்தப் பெண்மணி, விலக்கு வேண்டுமென்றால் டாக்டர் சான்றிதழ் வேண்டும், படிவம் அனுப்புகிறேன் என்றார். வந்தது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த உறுப்பில் கோளாறு, டாக்டர் முத்திரை எங்கே. தினமும் இந்த மாதிரிப் படிவம் நிரப்புகிற நர்ஸ் நான். ஆனால் 'காரணம்' என்ற கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். சொல்வதெழுதுதல் என்று ஒரு நோய் கிடையாதே.

பிறகு வகுப்பு ஆசிரியை நேரில் கூப்பிட்டார். கோபம் வந்தால் என் ஜெர்மன் குப்புற விழுந்துவிடும். நான் திக்கித் திக்கிப் பேச, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரூத், "அம்மா, நீ சும்மா இரு, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்துவிட்டாள். அவள் என்ன சொன்னாள் என்பதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. எனக்கு எதிராகத்தான் சொன்னாள் என்பது நன்றாகப் புரிந்தது.

ஆசிரியை என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கணக்கு வகுப்புக்கு அனுப்ப வேண்டாம் என்று இப்படிக் கடிதம் எழுதுவீர்களா?"

வீட்டுக்கு வந்து கொதித்தேன். குதிப்பதற்கும் உருளுவதற்கும் ஒரு பாடம், அதற்கு ஒரு மார்க்கு, கேட்டால் கணக்கும் அதுவும் ஒன்றாம். கணவர் டீ குடித்துக்கொண்டே, "நம்ம ஊர்ல கணக்கு மிஸ்ஸே வந்து பி.டி. பீரியட புடுங்கிப்பாங்க. நீதான் பார்சல் கட்டி எடுத்துக்கினு போயி குடுத்துக்கிற" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3

அவர் சொன்னது பொய்யில்லை. காஞ்சிபுரத்தில் நான் படித்த ஆரம்பப் பள்ளியில் ஒரு பந்து இருந்தது. அது தலைமை ஆசிரியர் அறை பீரோவில் இருந்தது. கல்வி அதிகாரி வருகிற அன்றைக்கு வெளியே வரும். மற்ற நாட்களில் விளையாட்டு பீரியட் என்றால் பையன்கள் வேப்பமரத்தடியில் கட்டிப்புரளுவார்கள், பெண் பிள்ளைகள் நாங்கள் புல் பிடுங்குவோம், குடிக்கிற பானைக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவோம். சுகாதாரம் என்றால் திங்கட்கிழமை காலை நகத்தை நீட்டுவது. அழுக்கு இருந்தால் ஸ்கேல் நிமிர்ந்து நின்று முட்டியில் விழும். ஏன் வெட்ட வேண்டும், வெட்டாவிட்டால் வயிற்றுக்குள் என்ன போகும் என்று ஒரு டீச்சரும் சொன்னதில்லை. நர்ஸிங் முதல் வருடத்தில்தான் எனக்கு அது தெரிந்தது.

ரூத்தின் வகுப்பில் ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து ரொட்டியும் காய்கறியும் வெட்டிக் காலைச் சாப்பாடு செய்கிறார்கள், இன்னொரு நாள் பல் துலக்கிக் காட்டுகிறார்கள், அப்புறம் வரிசையாக நீச்சல் குளத்துக்குப் போகிறார்கள். இங்கே எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. எதற்கெடுத்தாலும் கடிதம், எல்லாக் கடிதத்துக்கும் ஒரு கெடு தேதி, மனுஷியை மனுஷியாகப் பார்க்க அவர்களுக்கு மூன்று முறை அப்பாயின்ட்மென்ட் வேண்டும். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எனக்கும் கொடுக்கவில்லை.

நாற்பத்தொரு வயதில் நான் பஸ்ஸுக்கு ஓடினால் ரூத் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "நீ ஓடறது நடக்கிற மாதிரியே இருக்கு அம்மா" என்றாள் ஒரு நாள். யாரும் எனக்கு ஓடச் சொல்லித்தரவில்லை என்று அவளிடம் சொன்னேன். அதை யாராவது சொல்லித்தர வேண்டுமா என்று கேட்டாள். அவளோடு பேசி ஜெயிக்க என்னிடம் இப்போது எந்த பாஷையும் மிச்சம் இல்லை.

4

இந்த ஆகஸ்டில் நான்கு வாரம் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். ரூத் வரவில்லை, தோழிகளோடு நீச்சல் முகாம் என்று சொல்லிவிட்டாள்.

போன அன்றைக்குச் சாயங்காலம் கலா ஜெனியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பின்கட்டிலிருந்து அழுகைச் சத்தம். எட்டிப் பார்த்தால், பீர்க்கங்காய் நாரில் கடலைமாவைப் போட்டுக் குழந்தையின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பின்கழுத்து முழுக்கக் கறுப்பு, வெல்வெட் துணி மாதிரி தடித்த கறுப்பு. சுற்றிலும் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது.

"இன்னா கலா பண்ற?"

"பாரு அண்ணி, இன்னா தேச்சாலும் அழுக்கு போவ மாட்டேங்குது. ஸ்கூல்ல டைரில எழுதி உட்டுட்டாங்க. மானம் போவுது."

டைரியை வாங்கிப் பார்த்தேன். 'கழுத்தைச் சுத்தமாக வைத்து அனுப்பவும்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் காலரை இழுத்துக் காட்டினார்களாம். அன்றிலிருந்து குழந்தை தலையைக் குனிவதே இல்லை, முடியை அவிழ்த்து விடச் சொல்கிறாள்.

கலாவின் கையிலிருந்து நாரைப் பிடுங்கினேன். அது அழுக்கில்லை. சர்க்கரை நோய் வருவதற்கு முன்னால் சில குழந்தைகளுக்கு உடம்பு காட்டுகிற அறிகுறி. முதலாண்டு நர்ஸுக்கும் தெரியும். வாராவாரம் வீடியோவில் அந்தக் கழுத்தைப் பார்த்தவள் நான், வெளிச்சம் சரியில்லை, நிழல் என்று நினைத்துக்கொண்டேன். குழந்தை குண்டாகிக்கொண்டே போனாள். "நல்லா சாப்புடறா போல" என்று நான்தான் சந்தோஷமாகச் சொன்னேன்.

மறுநாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மாடிப்படி ஏறுவதற்குள் ஜெனிக்கு மூச்சு இரைத்தது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் கலாவிடம் சொன்னார்: "இன்னும் வரலம்மா. ஆனா வாசல் வரைக்கும் வந்துடுச்சி. மருந்து எழுதப் போறதில்ல. பிஸ்கட், ஜூஸ் நிறுத்துங்க. பொண்ணு தினம் ஓடணும். மூச்சு வாங்க ஓடணும்."

"ஸ்கூல்ல ஓடுவா இல்ல டாக்டர்?" என்றாள் கலா.

டாக்டர் ஜெனியைப் பார்த்தார். "ஓடுறியாமா?"

"பி.டி. பீரியட்ல கணக்கு மிஸ் வருவாங்க" என்றாள் ஜெனி.

5

அவளுடைய டைம் டேபிளில் புதன் கடைசி பீரியட் பி.டி., வெள்ளி கடைசி பீரியட் பி.டி. என்று கலர் பென்சிலில் அழகாக எழுதியிருந்தது. அந்த இரண்டு பீரியடை வாங்கிக்கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவது என்று முடிவு செய்தேன்.

பள்ளிக்குப் போனால் வாட்ச்மேன் நோட்டில் பெயர் எழுதச் சொன்னார். ஆபீஸில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல், "பேரன்ட்டா?" என்றாள்.

"அத்தை."

"அத்தைய எல்லாம் பாக்க மாட்டாங்க மேடம். ஃபாதர் இல்லன்னா மதர் வரணும். இல்லன்னா லெட்டர் வாங்கிக்கினு வாங்க."

சாலமனுக்கு அந்த வாரம் பகல் ஷிப்ட். கலாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுநாள் போனேன். கரஸ்பாண்டன்ட் சார் இல்லை. அதற்கு மறுநாள் இருந்தார், மீட்டிங். நான்காம் நாள் ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஜன்னல் வழியாக கிரவுண்ட் தெரிந்தது. ஆறு பள்ளி வேன் நின்றுகொண்டிருந்தது. காம்பவுண்டு சுவரில் 'சுவர் இருந்தால்தான் சித்திரம்' என்று பெயின்டில் எழுதியிருந்ததில் பாதியை ஒரு வேன் மறைத்திருந்தது. ஜெர்மனி ஆபீஸ்களைத் திட்டுகிற வாயால் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அங்கே இத்தனை நாள் உட்கார வைத்திருந்தால் மன்னிப்புக் கேட்டுக் கடிதமாவது வந்திருக்கும்.

கரஸ்பாண்டன்ட் மரியாதையான மனிதர். காபி வரவழைத்தார். நான் டாக்டர் சீட்டைக் காட்டினேன், டைரியைக் காட்டினேன், இது அழுக்கில்லை சார், நோயின் அறிகுறி என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், பி.டி. மாஸ்டர் இருக்காரு. நாங்க வேணும்னே நிறுத்தல. பேரன்ட்ஸ் கேட்டாங்க, நிறுத்துனோம்" என்றார்.

"எந்தப் பேரன்ட் சார் கேப்பாங்க?"

ஒரு ஃபைலை எடுத்துத் திருப்பி வைத்தார். ஜூன் மாதக் கடிதம். 'எங்கள் பிள்ளைகளின் நலன் கருதி, விளையாட்டு பீரியடுகளைக் கணக்குக்கும் கையெழுத்துப் பயிற்சிக்கும் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.' கீழே வரிசையாகக் கையெழுத்துகள். நான்காவது கையெழுத்து சாலமனுடையது. அந்த 'ச'வை அவனுக்குக் கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான்.

காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

6

சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, பிடித்துக்கொண்டேன்.

"கையெழுத்து போட்டியாடா?"

"போட்டேன். எல்லாரும் போட்டாங்க. அதுக்கு இன்னா இப்ப?"

"டாக்டர் சொன்னத கேட்ட இல்ல?"

"ஜூன் மாசம் டாக்டரு எங்கக்கா சொன்னாரு?" என்றவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பிறகு அவனுக்கும் கோபம் வந்தது. "நம்ம ஊட்ல ஓடாதவங்க யாருக்கா? அப்பா மூட்ட தூக்கி ஓடனாரு. அம்மா நாத்து நட ஓடுச்சி. நான் இப்பவும் கம்பெனில எட்டு மணி நேரம் நின்னுக்கினே இருக்கிறேன். ஒக்காந்து சம்பாதிக்க ஒருத்தியாவது வரட்டும்னு தானே அந்த ஸ்கூல்ல சேத்தேன். ஒக்கார வெச்சது தப்பா?"

 எங்கள் வீட்டில் உடம்பு என்பது வேலைக்குப் போட்டது, அதைக் காப்பாற்றி வைக்கிற வழக்கமே கிடையாது. ஓடுவது கூலிக்காரன் செய்வது, உட்காருவது ஆபீசர் செய்வது. எனக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். ஜெர்மனி வரை அதைச் சுமந்துகொண்டு போய்த்தான் நான் அந்தக் கடிதம் எழுதினேன்.

"நானும் எழுதனேன்டா, ரூத்து ஸ்கூலுக்கு" என்றேன். முழுவதையும் சொன்னேன்.

கலா வாயைப் பொத்திக்கொண்டாள். சாலமன் சிரிக்கவில்லை. "அப்ப ஊருக்குத்தான் உபதேசமா? ஒன் பொண்ண அவங்க உடல. எம் பொண்ண இவங்க உட்டுட்டாங்க. அவ்ளோதான் வித்தியாசம்" என்றான்.

அவ்வளவுதான் வித்தியாசம். எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எனக்குப் புத்தி வந்து ரூத் நீந்தக் கற்றுக்கொள்ளவில்லை. அம்மா சொன்னாலும் விடமாட்டோம் என்று ஒரு பள்ளிக்கூடம் பிடிவாதமாக இருந்தது, அவ்வளவுதான். அப்பா அம்மா எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்றால் பள்ளிக்கூடம் எதற்கு?

7

மறுநாள் சாலமன் லீவு போட்டு இன்னொரு கடிதம் எழுதிக் கொடுத்தான். என் மகளுக்கு விளையாட்டு பீரியட் வேண்டும் என்று. கரஸ்பாண்டன்ட் வாங்கி அதே ஃபைலில் வைத்துக்கொண்டார். ஒரு குழந்தைக்காக வகுப்பை மாற்ற முடியாது, மற்ற பெற்றோர் ஒப்புக்கொள்ள வேண்டும், அரையாண்டுத் தேர்வு முடியட்டும், பார்க்கலாம் என்றார். சாலமன் ஃபைலிலிருந்த மற்ற கையெழுத்துக்காரர்களுக்குப் போன் செய்தான். ஒருத்தர், வெயிலில் பிள்ளை கறுத்துவிடும் என்றார். ஒருத்தர், விழுந்து பல் உடைந்தால் யார் பொறுப்பு என்றார். இன்னொருத்தர், "உங்க பொண்ணு குண்டா இருக்குதுன்னா எங்க புள்ள கணக்க உடணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்குத் தம்பியின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

டைரியில் நானே எழுதினேன். 'இது அழுக்கு அல்ல. டாக்டர் சீட்டு இணைத்துள்ளேன். குழந்தையின் கழுத்தை யாரும் தொட வேண்டாம்.' பதிலுக்கு ஒரு டிக் மார்க் வந்தது.

லீவு முடிந்தது. திரும்பி வந்தேன். சாலமன் காலையில் கூட்டிக்கொண்டு நடக்கிறேன் என்றான், ஷிப்ட் மாறியதும் அது நின்றது. கலா தெருவில் ஓடவிட்டுப் பார்த்தாள், ஒரு பக்கம் நாய், ஒரு பக்கம் பைக். பிஸ்கட்டை மட்டும் நிறுத்திவிட்டாள். கழுத்தைத் தேய்ப்பதையும் நிறுத்திவிட்டாள். செப்டம்பர், அக்டோபர் போயிற்று. ஒவ்வொரு புதனும் வெள்ளியும் நான் கேட்பேன், கணக்கு மிஸ் வந்தார்கள் என்று ஜெனி சொல்வாள். இங்கே எண்பது வயதுக் கிழவர்களைக் கைபிடித்துப் பயிற்சி செய்யவைத்துவிட்டு, அந்தப் பதிலைக் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரைத் திட்டுவது என்றுதான் தெரியாது.

8

நேற்று மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் போன் வந்தது. ஊரில் நாலரை மணி, பள்ளி விட்டு வந்திருப்பாள். ஜெனியே கூப்பிட்டிருந்தாள்.

"அத்த, நான் இன்னிக்கி ஓடனேன்."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றேன். "பி.டி. உட்டாங்களாம்மா?"

"இல்ல அத்த. கணக்கு ஹோம் ஒர்க் எழுதல. மிஸ்ஸு கிரவுண்ட சுத்தி மூணு ரவுண்டு ஓடச் சொன்னாங்க."

 ஓடுவதற்கு அந்தப் பள்ளியில் பீரியட் இல்லை, கிரவுண்ட் இல்லை, அனுமதி இல்லை. தண்டனைக்கு மட்டும் எல்லாம் இருக்கிறது. அந்தக் குழந்தையை, மாடிப்படி ஏறினால் இரைக்கிற குழந்தையை, எல்லாரும் பார்க்க வேனைச் சுற்றி ஓடவிட்டிருக்கிறார்கள்.

"அழுதியாடா கண்ணு?"

"இல்ல அத்த. மொத ரவுண்டுல மூச்சு வாங்குச்சி. வேன் பின்னால நின்னுட்டேன். அப்புறம் மறுபடியும் ஓடனேன். மூணும் முடிச்சிட்டேன்."

"அம்மா இருக்குதா? போன அம்மாகிட்ட குடு. நான் பேசறேன் அந்த மிஸ்ஸுகிட்ட."

"வாணாம் அத்த, வாணாம்." குரலைத் தணித்துக்கொண்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "அப்பாகிட்ட சொல்லிடாத. நேத்தும் எழுதல. முந்தா நேத்தும் எழுதல. மூணு நாளு எழுதலன்னாதான் ரவுண்டு குடுப்பாங்க. கணக்கெல்லாம் எனக்குத் தெரியும், ரஃப் நோட்ல போட்டு வெச்சிருக்கிறேன். மிஸ்கிட்ட எழுதலன்னு சொல்லிடறேன்."

"ஏன்டி?"

"எழுதலன்னாத்தான ஓட உடறாங்க" என்றாள்.

இல்லத்தின் மணி அடித்தது, சாப்பாட்டு இடைவேளை முடிந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, மிஸ் சொன்னபடி கேட்க வேண்டும், நோட்டை ஒழுங்காக எழுத வேண்டும் என்று ஒரு அத்தை சொல்ல வேண்டியது எல்லாம் எனக்குத் தெரியும். "நாளைக்கும் எழுதலன்னா எத்தினி ரவுண்டு குடுப்பாங்க?" என்று கேட்டேன்.

"அஞ்சு குடுப்பாங்க அத்த."

எழுதாதே என்று சொன்னேன்.